சூட்டுப் பின் கத்திய விதம்

ஒரு சின்ன கம்ப்யூட்டர் பலகையைப் பெரிய பலகையின் சாக்கெட்டில் சொருகினார்கள். சின்னதில் ஒரு சிப் இருந்தது. கூடவே ஊசி மாதிரிக் கம்பி உடம்போடு, சூட்டுப் பின் என்று ஒரு பெரிய மனுஷரும் இருந்தார். சிப் சூடானால் அவர் சாக்கெட்டுக்குச் சொல்ல வேண்டும், சாக்கெட் விசிறியைச் சுழற்றும். அவ்வளவுதான் வேலை.

"சூடானா எப்படிச் சொல்வீங்கண்ணே?" என்று சாக்கெட் முதல் நாளே கேட்டது.

"தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்" என்றார் சூட்டுப் பின். இதையெல்லாம் ஒரு பதில் என்று நினைக்கிற ஆட்கள் எங்கேயும் உண்டு.

சிப் குளிர்ச்சியாக இருந்தவரை அவர் விடாமல் மின்சாரம் அனுப்பி, "நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம்" என்று சாக்கெட்டின் காதைத் துளைத்தார். ஒருநாள் சிப் கொதித்தது. உடனே சூட்டுப் பின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு உம்மென்று ஆகிவிட்டார். அவர் வழக்கத்தில் அதுதான் அபாய அறிவிப்பு.

"அப்பாடா, இன்னைக்காவது வாயை மூடினாரே" என்று சாக்கெட் நிம்மதியானது.

"உடம்பு எரியுதுண்ணே, சீக்கிரம் சொல்லுங்க!" என்று சிப் அலறியது.

"சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"சத்தமே வரலையே!"

"நான் சொல்றதே அப்படித்தான்டா. அவன் புரிஞ்சுக்கட்டும்."

சிப்பிலிருந்து புகை வந்தது. அப்புறம் அதனிடமிருந்து எதுவுமே வரவில்லை.

சாக்கெட் பதறிப்போய், "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?" என்றது.

பின்னுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு நேரமா பேசாம இருந்தேனே, இதுக்கு மேல எப்படிடா கத்துறது?"