ஒரே ஒரு கை

வேதபாடம் நடத்த, மொழி தெரியாத நாட்டுக்குக் கடல் கடந்து வந்த தமிழ்ப் போதகருக்கு அன்று கடைசி நாள். ஐந்து ஊர்களில் கூட்டம் போட்டும், "விசுவாசிக்கிறவர்கள் கை தூக்குங்கள்" என்றபோது ஒரு கைகூட உயரவில்லை.

"இன்னைக்காவது ஒரு கை உயரணும் தம்பி. இல்லேன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊர் திரும்புவேன்?"

"உயரும் ஐயா" என்ற மொழிபெயர்ப்பாளரின் குரலும் உடைந்திருந்தது.

போதகர் ஒரு வரி சொன்னால் அவர் பத்து வரி சொன்னார். கூட்டமே கண்ணீர் விட்டது. ஒரு பெண் கை தூக்கி ஏதோ சொன்னாள்.

"ஸ்தோத்திரம்! என்ன சொல்றாங்க?"

மொழிபெயர்ப்பாளர் அவர் காலில் விழுந்தார். "மன்னிச்சிடுங்கய்யா. எந்த ஊர்லயும் உங்க பிரசங்கத்த நான் சொல்லவே இல்ல. காணாமப்போன என் மகளப் பாத்தவங்க கை தூக்குங்கன்னுதான் கெஞ்சினேன். இந்தம்மா பாத்திருக்காங்களாம்!"

போதகர் வேதப்புத்தகத்தை மூடினார். "எந்திரிங்க தம்பி. எங்கன்னு கேளுங்க, வண்டி வெளியதான் நிக்குது."