அண்ணியின் குரல்

"இந்த ஒரு சீன் மட்டும் அவங்க குரலே இருக்கட்டுமான்னு டைரக்டர் கேக்கச் சொன்னார், மேடம். நீங்க சரின்னா போதும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் சொன்னார். அக்கா இறந்த பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

திரையில் அக்கா அசையாமல் நின்றிருந்தாள். நீலப் புடவை, கையில் தண்ணீர் டம்ளர். கதாநாயகியின் தோளுக்குப் பின்னால் பாதி முகம்.

அவள் நடித்துவிட்டுப் போன கடைசிக் காட்சி.

சீரியல்களில் அக்கா எப்போதும் யாருடைய தோளுக்காவது பின்னால்தான் இருப்பாள். அண்ணி, பக்கத்து வீட்டுக்காரி, நர்ஸ், இந்த சீரியலில் மறுபடியும் அண்ணி. முகம் அவளுடையது. குரல் என்னுடையது.

முதல் சீரியலிலேயே அவள் குரல் கட்டையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். துணைக்குப் போயிருந்த என்னைப் பேசவைத்துப் பார்த்தார்கள். அப்படியே நிலைத்துவிட்டது.

நான் வாயசைக்கிறேன், நீ பேர் வாங்கிக்கொள் என்று வீட்டில் கிண்டல் செய்வாள். கிண்டல் என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன்.

வெளியேதான் சிக்கல். கடையில் யாராவது அடையாளம் கண்டு ஆசையாகப் பேச்சுக் கொடுப்பார்கள். அவள் வாயைத் திறந்ததும் அவர்கள் முகம் மாறிவிடும். தொண்டை கட்டியிருக்கிறதா, வெந்நீர் குடியுங்கள் என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு நகர்வார்கள். நாளடைவில் அவள் வெறுமனே சிரித்துத் தலையாட்டத் தொடங்கினாள். தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர் வந்தது.

முதலில் கேட்டுவிடுகிறேன் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

படப்பிடிப்பில் நடிகர்கள் பேசுவது தனியாகப் பதிவாகியிருக்கும். அதைப் பைலட் என்போம். நாங்கள் பேசி முடித்ததும் அழித்துவிடுவார்கள். அது காதில் விழுந்தால் பேச்சு தடுமாறும் என்று நான் எப்போதும் அணைத்துவிடச் சொல்வேன். உதட்டை மட்டும் பார்த்துப் பேசுவேன்.

அதில் கேட்பதற்கு என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்பும் உண்டு. எப்படியும் வேறொருவர் பேசப்போகிறார் என்பதால் துணை நடிகர்கள் பலர் வசனத்தை மனப்பாடம் செய்ய மாட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டுப் போவார்கள். உதடு அசைந்தால் சரி.

அக்கா எண்ணவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேணாம். நீ சாப்பிட்டியா?"

அவ்வளவுதான் வசனம். தாளில் 'விசும்பலுடன்' என்று போட்டிருந்தது. அக்காவின் கண்ணில் நீர் இருந்தது, குரலில் இல்லை. 'வேணாம்' என்பதை ஒரு சின்னச் சிரிப்போடு சொன்னாள். கேட்டிருந்தாலும் யாரும் கொடுத்திருக்கப் போவதில்லை என்று தெரிந்தவளைப் போல.

கட்டைக் குரல்தான். தூக்கத்திலிருந்து என்னை எழுப்பிய குரல், குளியலறைக் கதவைத் தட்டிச் சண்டை போட்ட குரல். ஆனால் அது நடித்து நான் கேட்டதே இல்லை.

இன்னொரு முறை போடச் சொன்னேன். பிறகு இன்னொரு முறை.

ஒவ்வொரு வசனத்தையும் அவள் இப்படித்தான் பேசியிருக்க வேண்டும். என்றைக்காவது ஒன்றையாவது அப்படியே விட்டுவைப்பார்கள் என்று. அத்தனையின் மேலும் நான் வந்து பேசியிருக்கிறேன்.

ஒலிப்பதிவாளர் என் பதிலுக்காகக் காத்திருந்தார். அவள் குரலையே விட்டுவிடலாம் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்தார் என நினைக்கிறேன்.

"வேணாம் தம்பி. பாக்கிறவங்க இது யார் குரல்னு கேப்பாங்க. அவளுக்குத்தான் அது சங்கடம்."

அவர் தலையாட்டினார். நான் சொன்னதில் தப்பு இல்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. நான் விசும்பவில்லை. 'வேணாம்' என்ற இடத்தில் அந்தச் சின்னச் சிரிப்பை அப்படியே வைத்தேன். ஒரே டேக்கில் சரியாக வந்துவிட்டது. இதுவரை நான் பேசியதிலேயே அதுதான் நன்றாக வந்தது.

ஒலிப்பதிவாளர் குனிந்து பைலட்டை அழித்தார்.

நான் வெளியே வந்தபோது தயாரிப்பு நிர்வாகி ஒரு பெண்ணுடன் நின்றிருந்தார். அவள் அண்ணியின் நீலப் புடவையைக் கட்டியிருந்தாள். அக்காவின் அளவுக்குத் தைத்த ரவிக்கையை முதுகில் ஊக்குக் குத்தி இறுக்கியிருந்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து அண்ணி இவள்தான் என்றார்.

எனக்குத் தெரியும். அக்கா போனால் அண்ணி போவாள், அண்ணி போனால் என் வேலையும் போகும். துக்கம் கேட்க வீட்டுக்கு வந்த நிர்வாகி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, நான்தான் வாசல்வரை போய்ச் சொன்னேன்: குரல் மாறாமல் இருந்தால் ஆள் மாறியது யாருக்கும் உறுத்தாது.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்கதான் எனக்கும் பேசப்போறீங்களா?"

கணீரென்று இருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாத குரல்.