பனரில் ஒரு சொல்

லண்டன் கிங்ஸ்பரி ஹோலில் மே பதினெட்டுக்கான பனரை யோகராஜா விரித்ததுமே, பியற்றிஸ் அக்கா குறுக்கே வந்து நின்றா.

“இந்தப் பேர் வேண்டாம் தம்பி, மாத்துங்கோ.”

‘நினைவேந்தல் நாள்.’ இந்தப் பெயருக்காகக் கமிட்டியில் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியவரே அவர்தான். ‘துக்க நாள்’ கேட்டவர்கள் கோபித்துக்கொண்டு வெம்பிளியில் தனிக் கமிட்டியே தொடங்கிவிட்டார்கள்.

“யுத்தம் முடிஞ்ச நாளை அங்க இலங்கை அரசாங்கம் வெற்றி நாள் எண்டு கொண்டாடினது. லண்டனில இருந்துகொண்டு நினைவேந்தல் எண்டு சொல்லவும் உங்களுக்குப் பயமோ அக்கா? வருசா வருசம் ஊருக்குப் போறியள், எயார்போட்டில மறிப்பாங்கள் எண்டோ?”

“ஏன் போறன் எண்டு ஒருநாளாவது கேட்டனீங்களோ?”

அக்கா பனரின் மூலையைத் தொட்டா. மெழுகுதிரிப் படத்துக்கு மேலே அவவின் மகன் கொட்வின் சிரித்துக்கொண்டிருந்தான்.

“செத்த ஆக்களுக்குத்தான் நினைவேந்தல், தம்பி. விசாரிச்சிட்டு விடுறம் எண்ட ஆமிக்காரரிட்ட, அண்டைக்கு என்ர கையாலதான் இவனை உயிரோட குடுத்தனான். நீங்களே இப்பிடிப் பனரில அடிச்சுப்போட்டால், என்ர பிள்ளை எங்கையெண்டு நான் இனி ஆரிட்டப் போய்க் கேக்கிறது?”