மூன்றே நிமிடம்

பொல்ட்டுவுக்கு மாரடைப்பு வர இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு, தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தான்.

"அதிகமா நடிச்சுத் தொலைக்காதடா," என்றார் கிளப் செயலாளர் கோகுல்தா. "நெஞ்சைப் புடி, சாய். அவ்வளவுதான். வசனமெல்லாம் வேணாம்."

"கவலைப்படாதீங்க கோகுல்தா. பத்தரைக்கே ஒரு தடவ முழுசா ஒத்திகை பாத்துட்டேன்."

உண்மைதான். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் சரிந்ததை தெருவே 'காக்கிமா', அதாவது சித்தி, என்று கூப்பிடும் மாடி வீட்டு அம்மாள் ஜன்னலிலிருந்து பார்த்தார். கையிலிருந்த ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினார்; கொஞ்ச நேரத்தில் பூஜை மணி அடிக்கும் சத்தம் கேட்டது. ஒரு கைதட்டல்கூடத் தராமல் போய்விட்டாரே என்று பொல்ட்டுவுக்கு வருத்தம்.

பூஜைக்கு மூன்றே நாள்தான் இருந்தது. துர்க்கை வந்து அமர்ந்தாகிவிட்டது, சிங்கத்துக்குத்தான் இன்னும் மீசை வரையவில்லை. கல்கத்தாவில் தெருவை அடைத்துப் பந்தல் போடாத கிளப்பை யாரும் கிளப் என்று மதிப்பதில்லை. சுற்றியிருந்த நான்கு தெருக்களும் அதே அழகில், மூங்கிலும் துணியுமாக அடைபட்டுக் கிடந்தன.

புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் ஹல்தார்தான் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டவர்.

"ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு ஆம்புலன்ஸ நிறுத்தி வச்சிருக்கேன். நான் போன் பண்ணினதும் கிளம்பும். பன்னெண்டு நிமிஷத்துக்குள்ள நோயாளிகிட்ட வந்தா அனுமதி. வரலேன்னா பந்தலைப் பிரிச்சிடுங்க."

செயலாளரான முதல் வருடமே தேவியைக் கிளப்பி அனுப்பியவர் என்று பெயர் எடுத்தால், அப்புறம் மீன்காரன்கூட கோகுல்தாவிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டான். மனிதருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, பாவம்.

சரியாகப் பதினொன்றே காலுக்கு ஹல்தார் போன் செய்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "ம், ஆரம்பிக்கலாம்."

பொல்ட்டு நெஞ்சைப் பிடித்தான், சாய்ந்தான், நாற்காலியோடு சேர்ந்து உருண்டான். கோகுல்தா கண்ணை மூடி துர்க்கையை வேண்டிக்கொண்டார்.

மூன்றாவது நிமிடம் சைரன் கேட்டது.

வெள்ளை வண்டி பந்தல் மூங்கிலை உரசிக்கொண்டு உள்ளே நுழைந்து நின்றது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு குதித்து ஓடி வந்து பொல்ட்டுவைத் தூக்கிப் போட்டார்கள்.

பொல்ட்டுவுக்குக் கலைத்தாகம் பொங்கிவிட்டது. "என் அம்மாவ... பாத்துக்கங்க..." என்று முனகினான். அவன் வாயில் ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்து அமுக்கினார்கள். "இல்லீங்க, இது சும்மா..." என்று அவன் திமிற, "நினைவு தப்புது, புடி, புடி!" என்று காலைச் சேர்த்துக் கட்டினார்கள்.

"மூணு நிமிஷம்!" ஹல்தாருக்கு வாய் மூடவில்லை. "கோகுல் பாபு, நான் சொன்னதெல்லாம் வாபஸ். இத்தனை பந்தலுக்கு நடுவுல மூணே நிமிஷம்! மத்த கிளப்புக்காரங்களையும் அனுப்பி வைக்கிறேன். உங்களப் பாத்துக் கத்துக்கட்டும்."

"எல்லாம் அம்மா அருள் சார்." கோகுல்தா பணிவாகத்தான் தொடங்கினார். நெஞ்சு நிமிர்ந்துகொண்டதும் அடுத்த வாக்கியமும் தானாக வந்துவிட்டது. "கொஞ்சம் நம்ம ஏற்பாடும் இருக்கு."

மேளக்காரர்களுக்குக் கண்ணைக் காட்டினார். டாக் மேளம் முழங்கியது. யாரோ ஓடிப்போய் ஒரு தட்டு சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்து இன்ஸ்பெக்டர் முன்னால் நீட்டினார்கள். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, அனுமதித் தாளை ஜீப்பின் மேல் விரித்துப் பேனாவைத் திறந்தார் ஹல்தார்.

அப்போதுதான் ஆம்புலன்ஸ் டிரைவர் இறங்கி வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. காக்கிச் சட்டையைப் பார்த்ததும் கையைக் கூப்பினார்.

"மன்னிச்சிருங்க சார். மாடி வீட்டம்மா பத்தரைக்கே போன் பண்ணிட்டாங்க. எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் பந்தல்... ஆளு இன்னும் உயிரோட இருக்காரா?"