ஒத்தி சார், ஒத்தி!

“அந்த டீச்சரை மாத்துங்க. இல்லேன்னா எனக்கு ராஜா வேஷமே வேண்டாம்!”

பர்சனல் மேனேஜர் அசோக்குமார் முன்னால் மூர்த்தி பொரிந்து தள்ளினார். ஓசூர் பேக்டரிக்கு அவர் சூப்பர்வைசராக வந்து நாலு மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஆயுத பூஜை இசை நாடகத்தில் ராஜா வேஷம்!

ஒரே ஒரு நிபந்தனை. பாடி நடிக்கும் மூன்று பேரும் தங்கள் பாட்டின் முதல் வரியைத் தாங்களே கீபோர்டில் வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் வேஷம் கைமாறிவிடும். மூர்த்தியோ திருச்சிக்கு போன் போட்டு மாமனார், மாமியாரையெல்லாம் நாடகத்துக்கு வரச் சொல்லியாகிவிட்டது.

மூன்று பேருமே கீபோர்டைத் தொட்டதில்லை. சொல்லிக்கொடுக்க அத்திப்பள்ளியிலிருந்து ரேவதி வந்தாள். சின்னப் பெண். தமிழ் தெரியும், ஆனால் அவசரத்தில் கன்னடம்தான் வரும்.

“அந்தப் பொண்ணு என்ன செஞ்சுது?”

“நான் கீபோர்டு முன்னால உட்கார்ந்தா, ‘ஒத்தி சார், ஒத்தி’ங்குது! ‘ஒத்திப் போங்க’ன்னு முழுசா சொல்லக்கூட வாய் வரல. நானும் மானஸ்தன், எழுந்து ஒத்திப் போயிடுறேன். மூணு வாரமா இதே கதை. மெஷின் பிடிச்ச கைன்னா அவ்வளவு கேவலமா?”

மேனேஜருக்கே கோபம் வந்துவிட்டது. ரேவதியைக் கூப்பிட்டு விசாரித்தார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஐயோ சார்! கன்னடத்துல ‘ஒத்தி’ன்னா அழுத்துங்கன்னு அர்த்தம். கட்டையை அழுத்தச் சொன்னேன். சார் எழுந்து போயிட்டார். கூச்சப்படுறார்னு நினைச்சேன்!”

மேனேஜர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மூர்த்தியும் அசடு வழியச் சிரித்தார்.

வெளியே மந்திரி வேஷக்கார பிரதாப்பும், ராணி வேஷம் போடும் கேன்டீன் ஜோதியம்மாளும் நின்றிருந்தார்கள். மூர்த்தியின் சிரிப்பு சட்டென்று நின்றது.

“டேய் பிரதாப்! நீ இந்த ஊர்லயே பொறந்தவன். கன்னடம் தண்ணி பட்ட பாடு. மூணு வாரமா பார்த்துக்கிட்டே இருந்தியே, ஒரு வார்த்தை சொன்னியா? ராஜா வேஷத்து மேல கண்ணா?”

“சத்தியமா இல்லீங்க சார்.” பிரதாப் தலையைச் சொறிந்தான். “இருக்கறது ஒரே கீபோர்டு. முதல் நாளு நீங்க அது முன்னால உட்கார்ந்துக்கிட்டு, ஒரு கட்டையைக்கூடத் தொடாம, உங்க ஊரு கச்சேரிப் பெருமையையே ஒரு மணி நேரம் பேசுனீங்க. நீங்க எழுந்து போன பொறவுதான் ஜோதியக்கா முதல் தடவையா விரலை வெச்சாங்க.”

“அதுக்கு?”

“டீச்சர் சொன்னது கன்னட ‘ஒத்தி’தாங்க சார். ஆனா, சூப்பர்வைசராச்சேன்னு நாங்க சொல்ல முடியாம முழுங்கிக்கிட்டு இருந்தது தமிழ் ‘ஒத்தி’!”