கிணற்றுக்குள் ஓர் அறை

“மூணாவது லெவல்ல வர்ற கிணத்துக்குள்ள ஏழு தடவை குதிச்சா சுவர் திறக்குதாம். உள்ளே ஒரு ரகசிய அறையாம். காலைலேர்ந்து ஊரே இதைத்தான் பேசுது, நம்ம கேம் பிச்சுக்கிட்டுப் போகுது. யாரு செஞ்ச வேலை இது?” என்றார் முதலாளி.

நான் வாயைத் திறப்பதற்குள் டீம் லீடர் எழுந்து நின்றுவிட்டார். இரண்டு வருடமாக நான் செய்யும் வேலைக்கெல்லாம் பெயர் வாங்குவது அவர்தான்.

“நான்தான் சார். சர்ப்ரைஸா இருக்கட்டும்னு யார்கிட்டயும் மூச்சு விடலை.”

“தனியாவா செஞ்சீங்க?”

“இவங்களை நம்பி இதையெல்லாம் குடுக்க முடியுமா சார்?”

“உள்ளே சுவத்துல ஏதோ எழுதியிருக்கே, அது?”

டீம் லீடர் ஒரு கணம் விழித்தார். எங்கள் கேமை அவர் ஒருநாளும் ஆடிப் பார்த்ததில்லை.

“அதுவும் நான்தான் சார். ஒவ்வொரு எழுத்தும் என்னோடது.”

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, லேப்டாப்பைப் பார்த்து நிதானமாக வாசித்தார்:

“‘இந்த கேமுக்காக எங்கள் டீம் லீடர் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை.’”

நான் அவசரமாகக் குனிந்து என் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

“பரவாயில்லையே,” என்றார் முதலாளி. “நீங்க இதுவரைக்கும் எழுதிக் குடுத்ததுலயே இது ஒண்ணுதான் உண்மை.”