ஊளையிடும் மைக்

முதலில் வம்புக்கு வந்தது ஊர் மண்டபத்தில் உபதேசம் செய்யும் பெரியகுருதான். இதை மைக்செட்காரர் கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

ஒரு கூட்டத்தின் நடுவே ஒயர் கழன்றுவிட்டது. மைக்செட்காரர் மேசைக்கு அடியில் குனிந்து அதைச் சொருகிக்கொண்டிருந்தார். மேடையில் நின்ற பெரியகுருவுக்கு ஆளைக் காணோம்.

"மைக்செட்காரர் தூங்கிட்டார் போல" என்றார்.

சரியாக அந்த நொடியில் ஒயர் சேர்ந்துகொண்டது. மண்டபமே கேட்டது. மண்டபமே சிரித்தது.

அன்றிலிருந்து அவர் பெயர் தூங்குமூஞ்சி. கடைக்கு வழி கேட்பவர்கள்கூட "தூங்குமூஞ்சி மைக்செட் எங்க இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். மருமகன் மட்டும் மரியாதை தெரிந்தவன். "தூங்குமூஞ்சி மாமா" என்பான்.

"ஒருநாள் அந்த மனுஷன் என்கிட்ட மன்னிப்பு கேப்பார். என் மைக்லயே கேப்பார். நீ பாரு" என்று மனைவியிடம் சொல்லிவைத்திருந்தார்.

அவளும் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இப்போது திடீரென்று பெரியகுரு பதவியிலிருந்து விலகுவதாகச் செய்தி வந்தது. ஓய்வு தேவைப்படுகிறதாம். அவ்வளவுதான் சொல்லியிருந்தார்கள். ஊர் அதை நம்பிவிடுமா?

முடிதிருத்தும் கடையில் ஆராய்ச்சி நடந்தது.

"முட்டிவலிதான். மேடைப்படி ஏறுறப்போ நான் பாத்தேனே" என்றார் பால்காரர்.

"எனக்குந்தான் முட்டிவலி. கத்தரியைக் கீழ வச்சேனா?" என்றார் கடைக்காரர். "சின்னகுருவோட சண்டையாம். ஃபேனை யார் பக்கம் திருப்புறதுன்னு."

"அட நீங்க வேற. காரணம் இங்கயே சோப்பு நுரையோட உக்காந்திருக்கு" என்று பால்காரர் நாற்காலியைக் காட்டினார். "இவர் மைக்தான். ரெண்டு வருஷமா பேச்சு நடுவுல ஊளையிடுது. அவர் காதும் மனுஷக் காதுதானே? எத்தனை நாள் தாங்கும்?"

மைக்செட்காரருக்குத் தொண்டையில் கத்தி.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதுவே முடிவாகிவிட்டது. காய்க்காரம்மா அவர் பையில் மட்டும் வாடினதாகப் பொறுக்கிப் போட்டாள். முன்பின் தெரியாத ஒரு அம்மா வழியில் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படி என்னய்யா பாவம் பண்ணினார் அவர் உனக்கு?" என்று அழுதாள்.

மறுநாள் மண்டபத்துச் செயலாளர் வந்தார்.

"அண்ணே, விடைபெறும் கூட்டத்துக்கு வேற ஆளை ஏற்பாடு பண்றோம். புது மைக். ஊசி விழுந்தாலும் தெளிவாக் கேக்குமாம்."

"அதெல்லாம் வேணாம். நான்தான் போடுவேன்."

"உங்க மைக் ஊளையிடுதேண்ணே."

"வாடகை வேணாம். சும்மாவே போடறேன்."

சும்மா என்றதும் செயலாளருக்குப் புது மைக்கின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. "சரி. ஊளையிடாதுன்னு ஒரு சத்தியம் மட்டும் பண்ணிடுங்க."

"சத்தியமெல்லாம் பண்ண முடியாது. வேணும்னா போடறேன்."

செயலாளர் தலையில் அடித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

"அவர் பேரைச் சொன்னாலே எரிஞ்சு விழுவீங்க. இப்ப இலவச சேவையா?" என்றாள் மனைவி.

"இதுதான் கடைசிக் கூட்டம். மன்னிப்பு கேட்டா அன்னிக்குத்தான் கேக்கணும். அதைப் போய் அடுத்தவன் மைக்ல கேக்க விடுவேனா?"

விடைபெறும் நாளில் கூட்டம் நெருக்கியடித்தது. பெரியகுரு எழுந்ததுமே பாதிப் பேர் அழ ஆரம்பித்துவிட்டார்கள். மீதிப் பேர் அழுகிறவர்களைப் படம் பிடித்தார்கள்.

பெரியகுரு நிதானமாக ஒவ்வொருவராக நன்றி சொன்னார். சமையல்காரருக்குச் சொன்னார். தோட்டக்காரருக்குச் சொன்னார். மண்டபத்துப் பூனைக்குக்கூடச் சொன்னார்.

மைக்செட்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தார்.

"கடைசியா..." என்றார் பெரியகுரு.

அப்படியே நின்றார். வாய் திறந்தபடி இருந்தது. உயர்த்திய கை இறங்கவில்லை. கண் மட்டும் கூட்டத்தில் எதையோ தேடியது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளின் காதுக்குக் குனிந்தார்.

மைக் ஊளையிட்டது.

மேடையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை தலையும் திரும்பி மைக்செட்காரரை முறைத்தன.

"கடைசி நாள்லகூட விட மாட்டியாய்யா?"

"எழுப்புங்கப்பா அந்தத் தூங்குமூஞ்சியை!"

செயலாளர் நாற்காலியில் சரிந்தேவிட்டார்.

சத்தம் அடங்கியபோது பெரியகுரு கையை இறக்கியிருந்தார். "எல்லாரும் நல்லா இருங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்தது. போகிற ஒவ்வொருவரும் மைக்செட்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அவர் தலையைத் தூக்காமல் ஒயரைச் சுருட்டினார்.

பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். பெரியகுரு. மைக்செட்காரர் எழுந்து நின்றார். மைக்கை அணைத்துத் தொலைத்துவிட்டோமே என்றிருந்தது அவருக்கு.

பெரியகுரு அவர் காதருகே குனிந்தார்.

"ரெண்டு வருஷமா நான் பேச்சை மறந்து முழிச்சப்பல்லாம் சரியா மைக்கை ஊளையிட விட்டுக் காப்பாத்தினீங்க. இன்னிக்குத்தான் அவசரப்பட்டுட்டீங்க. நான் மறக்கவே இல்ல. நீங்க எங்க இருக்கீங்கன்னு தேடினேன், உங்ககிட்ட எல்லார் முன்னாடியும் ஒண்ணு சொல்லணும்னு." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அந்தச் சத்தத்துல அது என்னன்னு மறந்துபோச்சு."